ஜெபக்குழுவில் வேறொரு சேகர்

செவ்வாய் இரவு, லெந்து தவக்காலம்.

பள்ளிவிட்டு வரும்போது சரிகைக் கடை சேகர் அண்ணன் கூப்பிட்டார். அவர் மகள் என் பழைய மாணவி.

"டீச்சர், உங்க வூட்டுக்காரருக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சா?"

தூக்கிவாரிப் போட்டது. அதைச் சபையின் வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் மட்டும்தான் எழுதியிருந்தேன். இவரோ நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர்.

"குரூப்ல பாத்தேங்க. நீங்கதானே என்னைச் சேத்தீங்க?"

எங்கள் சபைப் பாடகர் குழு சேகர் என்று நினைத்து இவரைச் சேர்த்திருக்கிறேன். இத்தனை நாளும் எங்கள் கண்ணீரையெல்லாம் படித்திருக்கிறார். கோபம் வந்தது. "சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"வேண்டிக்கோங்கன்னு கேக்கறீங்க. படிச்சிட்டு எப்படிங்க சும்மா இருக்கிறது? காலையில விளக்கேத்தும்போது எல்லார் பேரையும் சொல்லிகினு வரேன்." பிறகு தயங்கினார். "என் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். நானும் போடலாமாங்க?"

நேரமாகிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவரை நீக்கத்தான் போனை எடுத்தேன். இரண்டு டிக் விழுந்தால் கர்த்தருக்குப் போய்விட்டது என்றே இதுவரை நம்பியிருந்தேன். அது வழியில் ஒரு சரிகைக் கடையிலும் ஏறி இறங்கியிருக்கிறது. எண் தவறிப்போன ஜெபம் தவறிப்போன ஜெபமா? எங்கள் போதகர் ஐயரிடம் கேட்டால் நீக்கத்தான் சொல்வார். கேட்கவில்லை.

நானே எழுதினேன்: "சேகர் மகளின் சுகப்பிரசவத்துக்காக ஜெபியுங்கள்."

பாடகர் சேகருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எந்தச் சேகர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆமென், ஆமென் என்று வந்துகொண்டே இருக்கிறது.