அவன் அழித்த லைப்ரரி

வெள்ளிக்கிழமை, 21 ஆகஸ்ட் 1998

நன்றாக வேண்டும் அவனுக்கு.

ஒவ்வொரு புரோகிராமாகக் கம்பைல் செய்து, வீட்டில் உட்கார்ந்து நானே கட்டிய ஆபரேட்டிங் சிஸ்டம் அது. குருபோங் தொழிற்பேட்டை ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்யும் குமரன் அதைக் காப்பி எடுத்து, தான் கட்டியதாக மேனேஜரிடம் காட்டிப் பதவி உயர்வும் வாங்கிவிட்டான்.

இன்று மேனேஜர் ஜெயராஜ் பக்கத்தில் நிற்க, அதில் புது சாஃப்ட்வேர் ஏற்ற உட்கார்ந்தான். பழைய லைப்ரரி ஃபைல் ஒன்று தடுக்கிறது என்று அதை அழிக்கப் போனான். மற்ற எல்லாமே அந்த லைப்ரரியை நம்பித்தான் ஓடுகின்றன. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பான். சொல்லவில்லை.

என்டரைத் தட்டினான். அதன்பிறகு எந்தக் கட்டளையும் வேலை செய்யவில்லை.

"மாலாக்கா, இப்ப என்ன பண்றது?" என்றான் மெதுவாக.

"நீதானே தம்பி கட்டுன? உனக்குத் தெரியாததா?" எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

ஜெயராஜ் எங்கள் இருவரையும் பார்த்தார். "குமரன், உண்மையச் சொல்லு லா. யார் செஞ்சது இது?"

"அக்காதான், சார்."

மீட்டெடுக்கும் டிஸ்க் என் பையிலேயே இருந்தது. சிறிய வேலைதான். "திங்கட்கிழமை பாக்குறேன் சார், பஸ் போயிரும்" என்று கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமைக்கு முன் சரிசெய்யாவிட்டால் தன் வேலை போய்விடும் என்று சாயங்காலம் குமரன் ஃபோனில் அழுதான். வைத்துவிட்டேன். இவ்வளவு செய்தும் எனக்கு மனம் ஆறவில்லை.

மறுபடி ஃபோன் அடிக்கிறது. அடிக்கட்டும்.