குவியல் புரட்டும் நாளும் நீ வரும் நாளும்

அன்பு மகள் ஜெனிக்கு, பத்து வயதிலிருந்து உன்னை வளர்த்த சித்தப்பா தனிஸ்லாஸ் வில்லாபுரத்திலிருந்து எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நான் இரும்பு மாதிரி இருக்கிறேன், அங்கே நீயும் ஜூடு மாப்பிள்ளையும் குழந்தை பெர்சியும் அதே மாதிரி இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஹோட்டலில் ரூம் போட்டிருப்பதாகவும், நான் வேலை பார்க்கிற உர யார்டு நாற்றம் வீடு வரைக்கும் வருவதால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்றும் போனில் சொன்னாய். அதுதான் நல்லது தாயி என்று நானும் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ பார்த்த யார்டு இல்லை இப்போது. சாக்கடைக் கசடைத் தென்னை நார்த்தூளோடு கலந்து குவிப்பது அதேதான், ஆனால் குவியலுக்கு மேலே மக்கின உரத்தை ஒரு சாண் கனத்துக்குப் போர்வை மாதிரி போட்டு நாற்றத்தை அமுக்கச் சொன்னது யார், நான்தான். இன்ஜினியர் எட்டுப் புத்தகம் படித்தும் பிடிபடாத விஷயம். சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி குவியல் பக்கத்தில் நின்றே ஆறு உளுந்த வடை சாப்பிட்டார். சரி, இரண்டு. என்கூட வேலை பார்க்கிற பையன் காளை மெஷினை வைத்து வாயு அளப்பதற்குள் நான் மூக்காலேயே சொல்லிவிடுவேன், கண் எரிந்தால் அமோனியா, அழுகின முட்டை வாடை என்றால் உள்ளே காற்றுப் போகவில்லை.

ஒரே ஒரு தப்புத்தான் செய்தேன். எதிர்வீட்டுச் சுந்தரம்மாள் மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தெரு நாறக்கூடாதே என்று பத்து நாள் குவியலைப் புரட்டாமல் போட்டுவைத்தேன். மழையும் பெய்து, காற்றில்லாமல் உள்ளேயே அழுகி, சரியாகப் பந்தி நேரத்தில் கிளம்பியது பார், மாப்பிள்ளை வீட்டார் பாதி இலையில் எழுந்துவிட்டார்கள். "நல்லது செய்றேன்னு இம்புட்டு நாத்தத்தையும் சேத்து வச்சு அவுத்து விட்டீகளேண்ணே" என்றாள். அதிலிருந்து அந்த வீட்டுக் குழம்புக் கிண்ணம் இங்கே வருவதில்லை.

அதனால் உனக்காகப் புரட்டாமல் வைக்க மாட்டேன். டிசம்பர் பிறந்ததுமே ஒரு நாள் விட்டு ஒரு நாள் புரட்டி, நீ வருவதற்குள் ஆவி போய் அடங்கும்படி செய்துவிடுவேன். வாடைக் காற்றும் நாற்றத்தைத் தெற்கே தள்ளிவிடும். ஆனாலும் நாற்றமே இருக்காது என்று எழுதினால் பொய். குவியலில் வேலை செய்கிற மூக்கு வீட்டுக்குள் வந்தால் செத்துப்போகிறது. உன் சித்தி ஆனிமேரி இருந்தவரை வாசலிலேயே நிறுத்திக் குளிக்க விரட்டுவாள். அவள் போய் இந்த ஒன்றரை வருஷமாக என் சட்டையில் என்ன வாடை என்று சொல்ல ஆளில்லை.

ரூமைக் கேன்சல் செய்யாதே. ஒரு ராத்திரி மட்டும் குழந்தையை இங்கே படுக்கவை. நாறினால் உடனே சொல், நானே ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுகிறேன், முகம் கோண மாட்டேன். வீடு நாறுகிறது என்று சொல்லவாவது அன்றைக்கு ஒரு ஆள் உள்ளே இருக்கும்.

பெர்சி நெற்றியில் என் பேரைச் சொல்லிச் சிலுவை போடு. பனி இறங்கும், அவனுக்குக் குல்லா எடுத்துவர மறக்காதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
தனிஸ்லாஸ்