ஐம்பத்தேழு வீட்டு மருமகள்கள்

அருப்புக்கோட்டை,
14-3-1974

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுச் சமூகவியலுக்கு வந்தவள் என்பதால்தான் உன்னைச் சந்தேகப்பட்டேனா என்று கேட்டிருந்தாய். பத்து நாளாக உன் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. ஆம் என்று எழுத மனம் வரவில்லை. இல்லை என்று எழுதினால் அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

காமாலை இறங்கிவிட்டதாக உன் அம்மா எழுதியிருந்தார்கள். பசி திரும்பிவிட்டது என்று எண்ணெய்ப் பண்டத்தில் கை வைக்காதே.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ விசாரித்த அறுபத்திரண்டு வீடுகளில் ஐம்பத்தேழு வீட்டு மருமகள்கள் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்கள் என்று உன் அட்டவணை சொன்னது. ஆண்களின் படிப்பு முன்பின்னாக இருந்தது. பெண்கள் மட்டும் எப்படி ஒரே வகுப்பில் நின்றார்கள்? துறையில் ஒருவர், “கணக்குப் படித்த பெண் அல்லவா, விடையை முதலில் எழுதியிருப்பாள்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. இது உன் சொந்தக் கள ஆய்வு என்னும் சான்றுப் பக்கத்தில் கையெழுத்திடாமல் இரண்டு மாதம் வைத்திருந்தேன். அது இல்லாமல் உனக்குப் பட்டம் இல்லை என்பது தெரிந்துதான் வைத்திருந்தேன்.

நேற்று இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்தேன். இன்று காலை பஸ்ஸில் எம்.ரெட்டியபட்டி போய், அங்கிருந்து இரண்டு மைல் நடந்து, நீ ஆய்வு செய்த ஊருக்குப் போனேன். பருத்திக் காட்டில் எட்டுப் பெண்கள் எடுப்பில் இருந்தார்கள். உன் பட்டியலில் இருக்கும் வெள்ளைத்தாயிடம் படிப்பைக் கேட்டேன். நிமிராமலே, “அஞ்சாப்பு” என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள்.

முத்துத்தாய் என்பவள் மடியில் பருத்தியைத் திணித்துக்கொண்டே, “அஞ்சாப்பையே நாலு வருசம் படிச்சவம்மா இவ” என்று வெள்ளைத்தாயைக் காட்டினாள். பரீட்சையில் தவறிவிட்டாளா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெள்ளைத்தாய்க்குக் கோபம். “நீ மட்டும் என்ன, பள்ளிக்கூடத்து வாசலையாவது பாத்திருக்கியா? உனக்கும் அஞ்சாப்புதானடி” என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். அவள் பிறந்த பரளச்சியில் எட்டு முடித்தவள். மாப்பிள்ளை ஆறாவதுதான். “பொண்ணு ரொம்பப் படிச்சிருந்தா அடங்காதும்பாக. ஒண்ணுமே படிக்கலைன்னா வேற குறை. அஞ்சுன்னா ஒரு பேச்சு வராது. பரிசம் போட்டப்ப சபையில எங்கப்பா அஞ்சுன்னுட்டாரு. இப்ப எட்டுன்னா அவரு பொய் சொன்னவராயிருவாருல்ல? எங்க அத்தைக்குத் தெரியும். தெரிஞ்சும் அவுகளும் அஞ்சுன்னுதான் சொல்லுவாக” என்றாள்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலால் இல்லை. நீ ஒரு வீட்டையும் விடவில்லை, ஒரு பதிலையும் மாற்றவில்லை. மூட்டை ஒன்றை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

ஏன் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று நீ கேட்டிருக்க வேண்டும்; கணக்குப் படிப்பு அதைச் சொல்லித் தரவில்லை என்று எழுத வந்தேன். ஆனால் இருபது வருடம் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிற நானும் அந்தப் பெண்களைப் பற்றி அப்படிக் கேட்கவில்லை. உன்னைப் பற்றித்தான் கேட்டேன்.

எழுந்து உட்கார முடிந்ததும் இதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி ஆய்வேட்டில் சேர். ஊர்ப் பெயர் வேண்டாம். முன்போல என் வீட்டுக்கு வா. உன் உடம்பு தேறி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
கங்கம்மாள்

15-3-1974

கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுத வேண்டியதாயிற்று. காலையில் மதுரை பஸ்ஸுக்கு நின்றபோது வெள்ளைத்தாய் தேடிக்கொண்டு வந்தாள். பருத்தி லோடு வண்டியில் ஏறி வந்திருக்கிறாள். “பொஸ்தகத்துல என்னைய அஞ்சுன்னே போட்டிருங்கம்மா” என்றாள். அப்படித்தான் இருக்கிறது, மாறாது என்றேன். பிறகு, “வீடுவீடா வந்து கேட்ட அந்தப் பொண்ணு பாசாயிருச்சா?” என்று கேட்டாள். பஸ் நிலையத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கைப்பையில் இருந்த சான்றுப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.