விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி

அக்கா,

மாலை வகுப்புக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பூனைக்குட்டி விற்கும் அம்மா ஆறு மணிக்கு வீடு பார்க்க வருகிறார். வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் குட்டி கொடுக்கமாட்டாராம். வம்சச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் கொண்டுவருவார், சரிபார். புதிதாகப் போட்ட ஜன்னல் வலைகளை இழுத்துப் பார்த்துவிட்டேன். சமையலறை வலையை மட்டும் மூன்று முறை.

விண்ணப்பம் மேசைமேல் இருக்கிறது. "முந்தின பூனை எப்படிச் செத்துச்சுன்னு ஒளிக்காம எழுதுங்க. பொய்னு தெரிஞ்சா குட்டி கிடையாது" என்று போனிலேயே கறாராகச் சொன்னார். ஏழாவது கேள்வி அதுதான். நான்கு முறை எழுதி அடித்தேன். ஐந்தாவதுதான் உண்மை.

"நான்தான்டி ஜன்னலைச் சாத்தாம வேலைக்குப் போய் அதைக் கொன்னுட்டேன்" என்று எட்டு மாதமாக அழுகிறாய். நான் வாயே திறக்கவில்லை. நீ சாத்திவிட்டுத்தான் போனாய். பிறகு, துணி காயட்டும் என்று சமையலறை ஜன்னலை நான்தான் திறந்தேன். மூடாமல் வகுப்புக்கு ஓடினேன். நாலாவது மாடி என்பது எனக்கு நினைவே வரவில்லை.

அவர் வருமுன் படித்துவிடு. கையெழுத்து உன் இஷ்டம்.

பி.கு: என் சாவியை விண்ணப்பத்தின் மேலேயே வைத்திருக்கிறேன். எட்டரைக்கு வந்து மணி அடிப்பேன், ஒரே ஒரு முறை.