முப்பத்தைந்து விநாடி

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் நினைப்பெல்லாம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே இறங்குகிறாள், படியை உயரமாகக் கட்டச் சொன்னது நானாம். உன் சித்தப்பா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்தார், இருந்த இரண்டு நாளும் என்னைப் பார்த்து ஏன் அண்ணே பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை பாப்பா. காலையிலிருந்து சமையலறைக் குழாயை இரண்டு தடவை கழற்றி மாட்டிவிட்டேன், அதில் ஒரு கோளாறும் இல்லை. ஃபேன் இறக்கையைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். ஒரு இடத்துல உக்காருங்களேன், உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது என்கிறாள் அம்மா. போன் போட்டுப் பேச வேண்டியதுதானே என்று நீ நினைப்பாய். போனில் நான் பேசும் லட்சணம் உனக்கே தெரியும், சாப்பிட்டியா, அங்கே மழையா, இரு அம்மாகிட்ட தர்றேன், அதோடு முடிந்தது. அதனால்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முடித்ததும் அம்மாவிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். எடுக்கும்போது அவளும் படிப்பாள், படிக்கட்டும், அவளுக்கும் இது தெரியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரொட்டி வெட்டும் மெஷின் வீடியோவில் முன்பகுதியைக் கத்தரித்தவன் நான். நீ எழுதிய இணையப் பக்கத்தில் ஒரு தப்பும் இல்லை. இந்த இரண்டு வரியை எழுத எனக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. நாளை பத்து மணிக்கு எங்கள் பேக்கரி மேனேஜர் உன் கம்பெனிக்குப் புகார் கடிதம் அனுப்பப்போகிறார், பக்கத்தின் அடியில் உன் கம்பெனி பெயர் இருக்கிறதே, அவர்கள் பெயரில். அதற்குள் இதை நான் அவரிடமும் சொல்லியாக வேண்டும்.

எப்படி நடந்தது என்று கேள். பேக்கரியில் மெஷின் ஓடுகிற சத்தத்தில் ஒருவர் கத்துவது இன்னொருவருக்குக் கேட்காது, யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னைத் தேடி ஓடி வர வேண்டியிருக்கிறது என்று நான் புலம்பித்தான் நீ இரண்டு வருஷம் முன்னால் அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தாய். சுவரில் ஒரு டேப்லெட், அதில் வரிசையாகப் பொத்தான்கள், ரொட்டி சிக்கினால் ஒன்று, பெல்ட் நழுவினால் ஒன்று, சுத்தம் செய்ய ஒன்று. எதை அழுத்தினாலும் பக்கம் மாறாமல் அதே பெட்டியில் அந்தந்த விநாடியிலிருந்து வீடியோ தானாக ஓடும், வேலை முடிகிற இடத்தில் தானாக நிற்கும், எண்ணெய் விடுகிற இடம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். எல்லாம் ஒரே வீடியோதான், பொத்தானைப் பொறுத்துப் பக்கம் வேறு வேறு எண்ணைக் கொடுக்கிறது என்று நீ சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அழுத்திக் காட்டினேன். தானாக ஓட வேண்டுமென்றால் சத்தம் இல்லாமல்தான் ஓடும்ப்பா, சத்தத்தோடு தானாக ஓடப் பிரவுசர் விடாது என்றாய். இங்கே சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது, பரவாயில்லை என்றேன். கீழே இழுத்துப் பார்க்கிற பட்டையை எடுத்துவிடு, மாவுக்கையோடு தொட்டு எங்கேயோ கொண்டுபோய் விடுகிறார்கள் என்று நான்தான் நச்சரித்தேன், அதையும் மறைத்துக் கொடுத்தாய். ஆக, எங்கே தொடங்குகிறதோ அதுதான் பார்ப்பவர்களுக்கு முதல் வேலை. இதை யாரையும்விட நன்றாகத் தெரிந்தவன் நான்.

பிறகு என்ன வந்தது என்றால் வெட்கக்கேடு. வீடியோவின் தொடக்கத்தில் நான் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, வணக்கம், நான் இங்கே இருபத்தாறு வருஷமாக மெஷின் பார்க்கிறேன் என்று திக்கித் திக்கிச் சொல்வேனே, இடைவேளையில் பயல்கள் தங்கள் போனில் முழு வீடியோவையும் போட்டு அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு வணக்கம் மாமா என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. நான் வந்தால் நாலு பேர் சேர்ந்து தொண்டையைக் கனைப்பார்கள். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. ஒரு மத்தியானம் கோபத்தில் வீடியோ ஏற்றியிருக்கிற இடத்தில் போய்ப் பார்த்தேன், கத்தரிக்க வசதி இருந்தது, வீடியோவின் இணைய விலாசமும் மாறாது என்று போட்டிருந்தது, முன்பகுதியை எடுத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டேன். இதில் கொடுமை என்ன தெரியுமா, சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினால் என் வணக்கம் வரவே வராது, நீ அதைத் தாண்டி முப்பத்தாறாவது விநாடியில்தான் தொடங்க வைத்திருந்தாய். அந்த விநாடியில் நான் பிளக்கைப் பிடுங்குவேன். நான் கத்தரித்த பிறகு அதே முப்பத்தாறில் மூடி ஏற்கெனவே திறந்திருக்கிறது, என் கையில் பிரஷ் இருக்கிறது. பொத்தான்களை ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை பாப்பா, டீ ஆறிவிடுமாம்.

ரொட்டியைப் பாக்கெட் போடும் பிரிவில் இருக்கும் டீச்சரை நீ பார்த்ததில்லை. பள்ளிக்கூட டீச்சர் இல்லை, நோட்டீஸ் போர்டில் யார் என்ன எழுதினாலும் பேனாவை எடுத்துத் திருத்துவாள், அதனால் அந்தப் பெயர். பன்னிரண்டு நாள் முன்னால் வழக்கமாகச் சுத்தம் செய்கிறவர் லீவு போட்டார், அன்றைக்கு அவளை அந்த வேலைக்கு நிறுத்தினார்கள், தனக்குப் புது மெஷின் ஆயிற்றே என்று பொறுப்பாக டேப்லெட்டில் அழுத்திப் பார்த்திருக்கிறாள். படத்தில் பார்த்தபடி மெஷினை நிறுத்தினாள், மூடியைத் திறந்தாள், பிரஷை விட்டாள். முழங்கை மெஷினை ஓட்டும் பச்சைப் பொத்தானில் பட்டுவிட்டது. இடது கையில் இரண்டு விரல், ஏழு தையல். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, விரல் மடங்குகிறது, மூன்று வாரத்தில் வேலைக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தகவல் கேட்டு ஓடிப்போய் டேப்லெட்டை அழுத்தினேன், பிளக் வரவில்லை.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து விநாடியை யார் போட்டது என்று கேட்டார். நான், பொண்ணுகிட்ட கேக்கறேன் சார் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து தானாக வந்தது. இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு, நல்ல பேரோடு போக வேண்டும் என்கிற ஆசை, வேறென்ன. சாயங்காலம் உனக்குப் போன் போட்டு, நீ விநாடியைச் சரியாத்தான் போட்டியா என்று கேட்டேன், தெரியாதவன் மாதிரி. பாக்கறேன்ப்பா என்றாய். அதன் பிறகு நீ அம்மாவிடமும் சரியாகப் பேசவில்லை என்று அவள் தினமும் சொல்கிறாள், நான் தினமும் ஃபேனைத் துடைக்கிறேன்.

நேற்று மேனேஜர் கூப்பிட்டு, புகார் திங்கட்கிழமை போகுது, உங்களுக்கு முன்னாடியே சொல்லணும்ல என்று சொல்லி, அவர் விளக்கம் கேட்டதற்கு நீ எழுதிய கடிதத்தின் பிரதியைக் கையில் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், பிரிக்கத் தைரியம் வரவில்லை. இன்று காலையில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மற்ற கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. அண்ணே, பன்னெண்டு நாளா நான் முகம் தெரியாத உங்க பொண்ணைத் திட்டிட்டு இருக்கேனே, இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா என்றாள். அப்புறம், என்கிட்ட ஏன் முதல்ல வந்தீங்க, போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க என்று துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் உன் கடிதத்தைப் பிரித்தேன். வீடியோவின் தொடக்கத்தில் முப்பத்தைந்து விநாடி நீக்கப்பட்டது, அதற்கேற்ப எண்களை மாற்றாதது என் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தைந்து என்று நான் யாரிடமும் சொல்லவில்லை பாப்பா. வீடியோ ஏற்றிய கணக்கின் பாஸ்வேர்டு உன்னிடமும் என்னிடமும் மட்டும்தான் இருக்கிறது. யார் நீக்கியது என்று மட்டும் நீ எழுதவில்லை. நான் போனில் உன்னைக் கேள்வி கேட்ட அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தே பாக்கறேன்ப்பா என்றிருக்கிறாய். எனக்கு வந்த பஸ் இரண்டு போய்விட்டது. உட்கார்ந்தபடி அழுதேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பாட்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

என்னைக் காப்பாற்ற நினைத்தாய், சரி, ஆனால் அது வேண்டாம். நாளை ஒன்பது மணிக்கே மேனேஜர் அறை வாசலில் நிற்பேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும், நாலு மாதம் முன்னால் வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குத்தான் கஷ்டம். நீ அவருக்கு இனி ஒரு வரியும் எழுதாதே, எழுதியதைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதாதே, பேச வேண்டியவன் நான். வீடியோவில் பழையபடி ஆக்கு என்று ஒரு இடம் இருந்தது, அழுத்தினேன், சாயங்காலத்துக்குள் முழுதாக வந்துவிட்டது. உன் பொத்தான்கள் ஒவ்வொன்றையும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் போனில் சரிபார்த்தேன், சுத்தம் செய்வதை அழுத்தினால் என் கை நேராகப் பிளக்குக்குப் போகிறது. அப்புறம் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். வணக்கம் சொல்லிவிட்டு நான் பேச்சு வராமல் விழிக்கிறேன், போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் நீ பின்னாலிருந்து, பயப்படாம சொல்லுங்கப்பா, நான்தானே இருக்கேன் என்கிறாய். அதையும் சேர்த்துத்தான் கத்தரித்திருக்கிறேன். நாலு தடவை கேட்டேன், நாளைக் காலையில் கிளம்புமுன் இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போவேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், தலைநிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும். கண் எரிகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா, தள்ளிப்போடாதே. நாளை மத்தியானம் நானே போன் போடுவேன், அம்மாவிடம் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
அப்பா