நேற்று உயர்த்திய கை

அன்பு மகள் ஃபிசாவுக்கு,

ராகிக் களியும் அவரைக் குழம்பும் மூடி வைக்கப்பட்டுள்ளன. சாவியை எதிர்வீட்டு ரங்கம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்குச் செல்க.

நேற்றைய பெற்றோர் கூட்டத்தில், இறைவனின் படைப்பை அறிவியல் பாடவேளையிலேயே கற்பிக்கலாமா என்று தாளாளர் வினவியபோது நானும் கை உயர்த்தினேன். உயர்த்தாவிடில் ஈமானில், இறைநம்பிக்கையில் குறைந்தவள் எனக் கருதுவார்களோ என்று அஞ்சினேன். "போன வருஷம் பரிணாமப் பாடத்த என்கிட்ட கேட்டுப் படிச்சுத்தானே நீ தனித்தேர்வு எழுதி பத்தாவது பாஸ் பண்ணின? அப்புறம் ஏம்மா கையத் தூக்குன?" என்று நீ கேட்டாய்.

இன்று ஷிப்டுக்கு முன் தாளாளரைச் சந்தித்து, படைப்பை மார்க்க வகுப்பிலும் பரிணாமத்தை அறிவியல் வகுப்பிலும் கற்பிக்குமாறு கோருவேன்.

இங்ஙனம்,
உன் அம்மா சுக்ரா

பின்குறிப்பு: பள்ளி வாயிலில் என்னைக் கண்டால் நேற்றைப்போல் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. தனியாக உள்ளே செல்ல அச்சமாக உள்ளது.