திரிக்காரிக்கு நான் போட்ட மதிப்பெண்

ஆகஸ்ட் 4, திங்கள்

திருத்தங்கல் பஸ்ஸில் இன்றும் உட்கார இடமில்லை. அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள் முடிவதற்குள் காலண்டர் சீசன் வந்து கழுத்தில் உட்கார்ந்துவிட்டது. காலையிலிருந்து மயில், தாமரைக்குளம், சிரிக்கிற குழந்தைகள். எல்லாவற்றுக்கும் நிறம் சரிபார்ப்பது என் வேலை. சாயங்காலமானால் எல்லா மயிலும் ஒரே மயிலாகத் தெரிகிறது.

மிச்சம் வீட்டுக்கும் வருகிறது. முதலாளி கொடுத்த லேப்டாப்பை ஆபீஸ் மானிட்டர் மாதிரியே மங்கலாக்கி, கொஞ்சம் மஞ்சள் ஏற்றி வைத்திருக்கிறேன். தாளில் எப்படி வருமோ அப்படியே திரையிலும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அச்சானதும் மெஷின் ஓட்டும் பொன்மணி அதை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வருவாள்.

சென்னையிலிருந்து செழியன் போன் செய்தான். அவன் நடத்தும் தமிழ் வீடியோ கேம் போட்டிக்கு இந்த வருஷமும் நான் நடுவராம். "பத்து வருஷமா கேம் விமர்சனம் எழுதுறீங்க, உங்களை விட்டா யாருக்கா?" வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் விஷயம். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 10

கேம்கள் வந்துவிட்டன. செய்தவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. முதல் சுற்றில் மூன்று நடுவர்களும் குறைகளை எழுதி அனுப்புவோம். ஒரு மாதத்தில் திருத்தி அனுப்புவார்கள். திருத்தியதற்குத்தான் மதிப்பெண். ஜெயிப்பதைச் சென்னைக் கம்பெனி ஒன்று வெளியிடும்.

முதல் கேமில் ஜாம்பி. இரண்டாவதிலும் ஜாம்பி. எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை எல்லோருக்குமே இப்படித்தான் சலிக்கிறதா?

ஆகஸ்ட் 13

மூன்றாவது கேம், 'திரிக்காரி'. அத்தனையும் கையால் வரைந்தது. இடுப்பில் பட்டாசுத் திரிக்கட்டு செருகிய ஒரு பெண், பாறைக்குப் பாறை தாவிக்கொண்டே போகிறாள். வழியில் ஊர்க்காரர்களோடு பேச வேண்டும், அவர்கள் சொல்லும் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும், புது வித்தை கற்றுக்கொண்டு வளர வேண்டும். சண்டையில் விடாமல் அடித்தால் அடிகள் சரமாகக் கோத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாக வெடிக்கும். நடுவில் நாம் அடி வாங்கினால் திரையில் 'நமுத்துப் போச்சு' என்று வருகிறது.

சிரித்துவிட்டேன். ஒரு கேமைப் பார்த்துச் சிரித்து எத்தனை காலமாயிற்று! செய்தது எங்கள் பக்கத்து ஆள்தான், சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சிரிப்பெல்லாம் போயிற்று.

தாவல் அருமை. பாறை விளிம்பில் விரல் நுனி பட்டால் போதும், பிடித்துக்கொள்கிறாள். ஆனால் சண்டை? 'எதிரியின் முகம் சிவந்ததும் தடு' என்று ஆரம்பத்தில் சொல்கிறது. எந்த முகம்? எங்கே சிவந்தது? சும்மா நிற்கிறான், திடீரென்று அடிக்கிறான். சரம் ஒரு தடவைகூட முழுசாக வெடிக்கவில்லை. நமுத்துப் போச்சு, நமுத்துப் போச்சு, நமுத்துப் போச்சு. நிறமெல்லாம் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது. இவ்வளவு வரையத் தெரிந்தவருக்கு நிறம் தெரியவில்லையே.

எழுதி அனுப்பிவிட்டேன்: "எதிரி அடிக்கப்போகும் அறிகுறி கண்ணில் படவே இல்லை. வண்ணங்கள் மங்கல். அச்சுத் தொழிலில் நிறம் பார்க்கும் அனுபவத்தில் சொல்கிறேன், எல்லா நிறத்தையும் இன்னும் அழுத்தமாகக் கொடுங்கள்."

தொழிலைப் பற்றிய அந்த வார்த்தை தேவையா? இருக்கட்டும்.

ஆகஸ்ட் 26

பட்டாசுக் கம்பெனி சீனிவாசகம் அண்ணாச்சி லேபிளுக்கு ஓகே சொல்ல வந்தார். டியூப்லைட்டில் காட்டினால் கையெழுத்துப் போட மாட்டார். மாதிரித் தாளை வாசலுக்குக் கொண்டுபோய் இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். "வெயில்ல வச்சுப் பாக்கணும் தாயி. உள்ள வச்சுப் பாத்தா எல்லாக் கலரும் நல்ல கலருதான்."

கையெழுத்துப் போட்டபிறகு மகள் பேச்சு வந்தது. "சுகிர்தா வீட்ல உக்காந்து கேமு வரையுறா. திரிக்காரியாம். எவனோ நடுவரு கலரு சரியில்லைன்னு எழுதிட்டானாம், அம்புட்டுப் படத்தையும் மறுபடி பூசிக்கிட்டுக் கெடக்கா. நானும் ரெண்டு வருசம் பொறுத்துட்டேன். இதுல தேறலைன்னா தீவாளி கழிச்சு கம்பெனி ஆபீசுல வந்து உக்காருன்னு சொல்லிட்டேன்."

அந்த எவனோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. செழியனிடமாவது சொல்ல வேண்டும், போட்டியாளர் யாரென்று தெரிந்துவிட்டதே. சொன்னால் அவன் புது நடுவர் தேடுவான், ஆயிரம் கேள்வி கேட்பான். அலுப்பாக இருக்கிறது. தெரிந்த பெண் என்பதற்காக ஒரு மதிப்பெண்கூடக் கூட்டப் போவதில்லை. அப்புறம் என்ன?

செப்டம்பர் 3

மயில். மயில். மயில்.

செப்டம்பர் 17

திருத்திய திரிக்காரி வந்தாள். என் லேப்டாப்பில் இப்போது எல்லாம் கச்சிதம். எதிரியின் கன்னம் லேசாகச் சிவக்கிறது, தடுக்கிறேன், திருப்பி அடிக்கிறேன், சரம் முழுசாக வெடித்தது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

மதிப்பெண் தாராளமாகப் போட்டு அனுப்பினேன். சொன்னதைக் கேட்டாள், கேம் பிழைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு என்மேலேயே எனக்கு ஒரு மரியாதை வந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மதியம் சாப்பிட்டதும் என் கணவர் ஃபரீத் சொன்னார்: "எந்நேரமும் அதையே பாத்துக்கிட்டிருக்கியே ஹாதியா. டிவியில போடு, நானும் பாக்குறேன்." பருப்புக் கடைக்கு லீவு, அவருக்கும் பொழுது போகவில்லை. லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன்.

ராணி கலர். டிவி முழுக்க ராணி கலர் கூச்சல் போட்டது. எதிரி சிவக்கவில்லை, எரிந்தான். பாறை பச்சை, ஆகாயம் நீலம் எல்லாமே கண்ணுக்குள் வந்து குத்தின.

"என்ன இது, திருவிழாக் கடை மாதிரி?" என்றார்.

டிவிதான் சரியில்லை என்று நினைத்துப் பழைய திரிக்காரியைப் போட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு அழகு! மழைக்கு முந்தின வெளிச்சம். எதிரியின் கன்னத்தில் இளஞ்சிவப்பு மெதுவாக ஏறியது. கேமே ஆடத் தெரியாத என் வீட்டுக்காரர் கைநீட்டிச் சொல்கிறார்: "இந்தா செவக்குறான் பாரு, அடி."

அவருக்குத் தெரியுது. எனக்குத் தெரியலை. என் லேப்டாப்தான். தாளுக்குன்னு மங்கலாக்கி வச்ச திரையில கேமைப் பாத்துட்டு, கலர் சரியில்லைன்னு தீர்ப்பு எழுதியிருக்கேன். அச்சுல கலர் பாக்குறேன்னு பீத்திக்கிட்டு — ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போன்லயாவது போட்டுப் பாத்தேனா?

அந்தப் பிள்ளை அத்தனை படத்தையும் மறுபடி பூசியிருக்கு.

செப்டம்பர் 22

செழியனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய வடிவத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"மத்த ரெண்டு பேரும் மார்க் போட்டாச்சுக்கா. கண்ணு கூசுது, ஆட முடியலைன்னு ரெண்டு பேருமே எழுதியிருக்காங்க. இப்ப விதியை மாத்தினா மத்த டீமுங்க சும்மா விடுவாங்களா?"

செய்தது யாரென்று எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். "அதையாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாம்க்கா" என்றான். சொல்லியிருந்தால் என் மதிப்பெண்ணோடு என் குறிப்பையும் தூக்கிப் போட்டிருப்பான். அவன்மேல் கோபப்படவும் வழியில்லை.

செப்டம்பர் 28

ஜாம்பி ஜெயித்தது.

திருத்தங்கலில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சுகிர்தாதான் கதவைத் திறந்தாள். நின்ற இடத்திலேயே லேப்டாப் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று.

"நீங்கதானா அது?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை. "முதல்ல வரைஞ்சது எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சுக்கா. ஆனா அச்சுல கலர் பாக்குறவுகன்னு எழுதியிருந்தீகளே. அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்னு என் கண்ணையே நம்பாம விட்டுட்டேன்."

அவளுடைய அம்மா காபி கொண்டுவந்தார். பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 2

இனி என்னை நடுவராகக் கூப்பிட வேண்டாம் என்று செழியனுக்கு எழுதினேன். 'சரிக்கா' என்று மட்டும் பதில்.

அக்டோபர் 20

தீபாவளி. தெரு முழுக்க நான் நிறம் பார்த்த பெட்டிகள் கிழிந்து கிடக்கின்றன.

நவம்பர் 6, வியாழன்

அண்ணாச்சி கம்பெனியின் அடுத்த சீசன் லேபிள். அவர் வருவார் என்று மாதிரித் தாளோடு காத்திருந்தேன். சுகிர்தா வந்தாள். தோளில் கம்பெனிப் பை, கையில் ஸ்கூட்டி சாவி.

"அப்பா இனிமே என்னைத்தான் வரச் சொல்லிருக்காக" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளை வாசலுக்குக் கொண்டுபோய் அவரைப் போலவே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"சிவப்பு கொஞ்சம் ஏறியிருக்கு. கொறச்சிருங்க."

சரி என்றேன். அவள் போகவில்லை. தாளை வாசல் திட்டில் வைத்து, பறக்காமலிருக்க மேலே சாவியை வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, அந்த லேப்டாப் இங்கன இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். பழைய திரிக்காரி. என் நாற்காலியில் உட்கார்ந்து அவளே ஆடினாள். முதல் எதிரியிடமே அடி வாங்கினாள். மறுபடியும் வாங்கினாள். தான் வரைந்த கன்னத்தை மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போய்த் தேடினாள்.

"ஆமாக்கா. தெரியவே இல்ல." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கொஞ்சம் பொறுத்து எனக்கும் வந்தது.

"இப்படி மங்கலா வச்சிருக்கிறவுக வேற எங்கனயும் இருப்பாக. சிவக்கிறப்ப ஒரு சத்தமும் சேத்துர்றேன். ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும்தான் வேல ஓடுது, மாசக்கணக்காகும். முடிச்சதும் உங்களுக்குத்தான் முதல்ல அனுப்புவேன்."

"நான் மார்க் போடுறதை விட்டுட்டேனே, சுகிர்தா."

"மார்க் யாரு கேட்டா? ஆடிப் பாத்துச் சொல்லுங்க. ஆனா டிவியில."

இன்னொரு தடவை என்று ஆடினாள், பிறகு நான் ஆடினேன். மாதிரித் தாள் வெளியே வெயிலிலேயே கிடந்து சுருண்டுபோயிற்று. பொன்மணிதான் எடுத்துவந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.